காவலன் பாட்டில் விழுந்த பள்ளம்

மார்ச் 3, செவ்வாய்

மீசை வந்துவிட்டது. பாட்டு இன்னும் வரவில்லை.

மேக்கப்காரர் கொண்டுவந்த மீசை இரண்டு பக்கமும் காதைத் தொடுகிறது. ஒட்டிப் பார்த்ததும், இதற்குப் பின்னால் ஆள் இருக்கிறானா என்று டைரக்டர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மீசை அசையாமல்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் இசை நாடகம் மேடையிலிருந்தே நேரலையாக டிவியில் போகிறது. பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் மற்றவர்களின் விபத்துகளைப் படிக்கிற எனக்கு, மாலையில் கோட்டைக் காவலன் வேஷம். இரண்டாம் பாதியில் மூடிய கதவைப் பார்த்து ஒரு தனிப் பாட்டு. இத்தனை வருஷமும் பின்வரிசையில் நின்று “ஆஹா”, “ஓஹோ” என்று கோரஸ் பாடியவனுக்குக் கிடைத்த முதல் தனிப் பாட்டு. பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு பெருமை இருக்கிறது. சீ.

மார்ச் 6, வெள்ளி

அப்பாவைப் போனில் கூப்பிட்டேன், முன்வரிசை பாஸ் இருக்கிறது என்று.

“ஹாலுக்கெல்லாம் வேண்டாம்டா. டிவியிலயே பார்த்துக்கறேன்.”

எதிர்பார்த்ததுதான். பள்ளி ஆண்டு விழாவில் நான் பாட்டைப் பாதியில் மறந்து வாயைத் திறந்தபடி நின்றேன். முன்வரிசையில் இருந்த அப்பாவுக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது என்று அம்மா இன்றும் சொல்வாள். அன்றிலிருந்து நான் மேடையேறினால் போதும், ஸ்கூட்டரைப் பூட்டினோமா என்று பார்க்க எழுந்து போய்விடுவார். அந்த ஸ்கூட்டரை விற்றுப் பல வருஷமாகிறது. இன்னும் போய்ப் பார்க்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

மறக்கவில்லை! மீசை பாதி கழன்று தொங்கியது — ஆனால் மறக்கவில்லை! ஒரு வார்த்தைகூட!

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து ஆபீசில் ஒரு கோப்பைக்கூடத் திறக்கவில்லை. இணையத்தில் ஜனங்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. ராணி வேஷத்தைப் பற்றி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். திரைச்சீலையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். என்னைப் பற்றித் தேடித் தேடி மூன்று கிடைத்தன.

“காவலன் பாட ஆரம்பிச்சதும் துணி காயப்போடப் போனேன். நல்ல நேரம்.”

“மீசை தனியா நடிக்குது.”

மூன்றாவது: “காவலரின் குரல் அபாரம்!!! யார் இந்தக் கலைஞர்???” இதை எழுதியவர் கலைப்பிரியன். கலைப்பிரியன் நான்தான். பொய்ப் பெயரில் எழுதி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, அபாரத்துக்கு மூணு ஆச்சரியக்குறி போடற ஆளு ஊர்ல நீங்க ஒருத்தர்தான். அழிச்சிடுங்க.”

அழித்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன். “நல்லா இருந்துச்சுடா” என்றார். பாட்டு எப்படி என்றேன். “வெளிச்சமெல்லாம் ரொம்ப நல்லா போட்டிருந்தாங்க” என்றார். சரி, வெளிச்சமாவது பிடித்ததே.

மார்ச் 19, வியாழன்

சேனல் மேடம் ரேட்டிங் கொண்டுவந்தார். ஒத்திகைக்கூடத்துச் சுவரில் படம் காட்டினார். மூன்று நகரங்களுக்கு மூன்று கோடுகள். இரண்டு கோடுகள் நல்ல பிள்ளைகளாக நேரே போகின்றன. எங்கள் நகரத்துக் கோடு மட்டும் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்து, கொஞ்ச தூரம் கிடந்துவிட்டு, மறுபடி எழுந்து போகிறது.

“இது எந்த இடம்?” என்று டைரக்டர் கேட்டார்.

மேடம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “காவலன் பாட்டு சார். ஆரம்பிச்சதும் நாப்பதாயிரம் பேர் போயிட்டாங்க. முடிஞ்சதும் திரும்பி வந்துட்டாங்க.”

போனவர்கள் போயே போயிருக்கலாம். திரும்பி வந்ததுதான் வலிக்கிறது. நாடகம் பிடித்திருக்கிறது, நான் மட்டும்தான் பிடிக்கவில்லை.

எப்படிக் கணக்கெடுக்கிறீர்கள் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி கேட்டேன். எல்லா வீட்டிலும் பெட்டி வைக்க முடியாதாம். ஊருக்குக் கொஞ்சம் வீடுகளைப் பொறுக்கி டிவி பக்கத்தில் பெட்டி வைப்பார்களாம். எந்த வீடு என்று மேடத்துக்கே தெரியாதாம். ஒரு வீடு பல்லாயிரம் பேருக்குச் சமமாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஏப்ரல் நாடகத்தில் எனக்குப் படகோட்டி வேஷம், அதிலும் ஒரு நீளமான தனிப் பாட்டு. அது இருக்குமா போகுமா என்று டைரக்டர் யோசித்துச் சொல்வாராம்.

மார்ச் 20, வெள்ளி

பஸ்ஸில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீயா? நீங்களா அம்மா? எதிர் சீட்டில் ஒரு குழந்தை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாற்பதாயிரத்து ஒன்று.

மார்ச் 22, ஞாயிறு

இதை எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பா அம்மாவைப் பார்க்கப் போனேன். டிவியில் கால்பந்து. அப்பா பாத்ரூமுக்கு எழுந்தார். போகும்போது மேஜையிலிருந்து ஒரு சின்ன ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போனார். டிவி பாட்டுக்கு ஓடுகிறது. அப்போதுதான் டிவிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பெட்டியைப் பார்த்தேன், பச்சை விளக்கோடு.

“அம்மா, என்ன இது?”

“வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா” என்றாள் அம்மா. சொல்லக் கூடாததை அம்மா எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பாள். “யார் யார் என்ன பார்க்கறாங்கன்னு கணக்கெடுக்கற பெட்டி. வெச்சு ஆறு மாசமாச்சு. வீட்டுல யாராவது டிவியில வேலை பார்க்கறாங்களான்னு கேட்டாங்க. பையன் இன்சூரன்ஸ்ல இருக்கான்னு சொன்னோம். பொய்யா? ஒண்ணாம் நம்பர் பட்டன் அவர், ரெண்டு நான். பார்க்காம எழுந்து போனா அணைச்சுட்டுத்தான் போகணும்பார். பெரிய அரிச்சந்திரன்.”

பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: “என் நாடகத்தன்னிக்கு?”

அம்மா பாத்ரூம் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நீ ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னதும் டிவியையே நிறுத்திட்டார்டா. மூச்சு முட்டுதுன்னு சொல்லிட்டு வாசல்ல போய் நின்னுட்டார். உன் பாட்டு முடிஞ்சிருக்கும்னு தோணினப்புறம் வந்து போட்டார்.”

“நீயும் கேக்கலையா?”

“கேக்காம இருப்பேனா? பக்கத்து வீட்டுல ஓடிக்கிட்டிருந்துச்சு. சமையலறைச் சுவத்துல காதை வெச்சுக் கேட்டேன். கடைசி வரி வரும்போது பாவி, மிக்ஸியைப் போட்டுட்டா.”

நாற்பதாயிரம் பேர். பஸ்ஸில் நான் முறைத்த அத்தனை பேரும் — ஒரே ஆள். பாத்ரூமில் இருந்த என் அப்பா.

சமையலறையில் அம்மாவுக்குக் கடைசி வரியைப் பாடிக் காட்டினேன். திரும்பினால் அப்பா வாசற்படியில் நிற்கிறார், துண்டால் கையைத் துடைத்துத் துடைத்து.

“அன்னிக்கு... நடுவுல ஒண்ணும் ஆகலையேடா?”

“இல்லப்பா. மீசைதான் கழண்டுச்சு.”

“மறக்கலையே?”

“ஒரு வார்த்தைகூட மறக்கலைப்பா.”

“இவ சொன்னா. நான் நம்பலை” என்றார். போய் உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை, அலட்சியம் இல்லை, பயம்தான். இந்த வயசிலும் எனக்காக ஒருத்தர் வியர்க்கிறார். அழுகை வந்தது. கால்பந்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, “டைரக்டர்கிட்ட சொல்லிடுங்க. பாட்டு தப்பிச்சிடும்” என்றாள்.

சொல்லலாம். சொன்னால் அன்று மாலைக்குள் குழு முழுக்கத் தெரியும். பெற்ற அப்பனே டிவியை அணைத்தான் என்று ஆளாளுக்கு நடித்துக் காட்டுவார்கள். என்னைக் கேலி செய்யட்டும், பழக்கம்தான். அப்பாவை வேண்டாம்.

எனக்கு வேறு யோசனைகளும் வந்தன, மறைக்க என்ன இருக்கிறது? அப்பாவிடம் சொல்லி அடுத்த மாசம் டிவியை அணைக்காமல் வைத்தால் கோடு நேராகிவிடும். அக்கம்பக்கத்தாரையும் கூட்டி உட்கார வைத்தால் கோடு மலையேறும்!

“அப்புறம் அதுக்குப் பேரு ரேட்டிங்கா?” என்றாள் அவள். “கலைப்பிரியனைப் பெருசா பண்றீங்க, அவ்வளவுதான்.”

இவளிடம் எதைத்தான் சொல்வது?

மார்ச் 26, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: பையன் இப்போது டிவியில் வருகிறான், பெட்டி வேண்டாம் என்று கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். கோட்டில் விழுந்த பள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மார்ச் 28, சனி

டைரக்டர் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டாலே எனக்குப் புரிந்துவிடும்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வரி வெச்சுக்கலாம். படகு வரணும், போகணும், அதுக்கு நாலு வரி போதும்.”

அது என் அப்பா சார், என்று நுனி நாக்கு வரை வந்தது. “போதும் சார்” என்றேன். பெரிய தியாகி என்று நினைப்பு. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டேன். பதினேழு வருஷம் காத்திருந்து கிடைத்தது — ஒரு தடவைதானா? ஒரே ஒரு தடவையா?

ஏப்ரல் 4, சனி

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். இப்போதும் அப்பா எழுந்து போகும்போது மேஜையைத் தடவுகிறாராம். முதலில் ஸ்கூட்டர், இப்போது பட்டன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

படகு வந்தது, நாலு வரி பாடினேன், படகு போனது. மீசை இல்லாத வேஷம், கழல ஒன்றும் இல்லை. கைதட்டினார்களா என்றுகூடக் காதில் விழவில்லை. படகைத் தள்ளுகிறவர் அவ்வளவு வேகம்.

ஹாலிலிருந்து வெளியே வந்ததும் போன். அப்பா. அவராகக் கூப்பிடுவதே அபூர்வம்.

“பார்த்தேன்டா.”

“நாடகத்தையாப்பா?”

“உன் பாட்டை. எழுந்திருக்கவே இல்லை. வேணும்னா அம்மாவைக் கேளு.”

எப்படி இருந்தது என்று கேட்கப் பயம். நல்லவேளை, அவரே தொடர்ந்தார்.

“நல்லாத்தான் பாடினே. ஆனா என்னடா இது, கண்ணாடியை எடுத்துப் போடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு? போன தடவை அவ்வளவு பெரிய பாட்டுன்னு அம்மா சொன்னாளே. யாருடா வெட்டினது? அந்த டைரக்டர் நம்பரைக் குடு, நான் பேசறேன்.”

“வேண்டாம்ப்பா. நானே சொல்றேன்.”

“சொல்லு. தைரியமா கேளு. அடுத்த தடவை பெருசா குடுக்கச் சொல்லு. நான் உட்கார்ந்து பார்க்கறேன்.”

சரி என்றேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். யார் முகத்தையும் பார்க்கத் தோன்றவில்லை.