யாரும் திரும்பக் கேட்காத வாக்கியம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். அத்தானுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்கச் சொன்னேனே, கேட்டாரா? எங்கள் குட்டிப் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, 'நான் தாத்தா ஆயிட்டேன்' என்று ஊரைக் கூட்டுகிறாள். எனக்கும் ஒரு மாதமாக முழங்கால் பிடித்திருக்கிறது.

இப்படியே நான்கு பக்கம் எழுதிவிடுவேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும். கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அதை மேசை ஓரத்தில் வைத்தவர் மேல்தான் தப்பு என்று அரை மணி நேரம் வாதாடியவனுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்ததே நீதான். போனில் பேசினால் இந்த முறையும் வாதாடித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கூப்பிட்டாள். "மாமா, அம்மா இப்பல்லாம் போனே எடுக்கிறதில்ல. மருந்துக் கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்புறாங்க. கேட்டா, என் பேச்சு சரியில்லடி, பிராக்டிஸ் பண்ணிக்கிட்டிருக்கேன்னு சொல்றாங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து, எத்தனை இடத்தில் தடுமாறினாய் என்று பென்சிலால் கோடு போட்டு வைக்கிறாயாம்.

அக்கா, உன் பேச்சில் ஒரு குறையும் இல்லை. இருக்கிறது என்று உனக்கு வந்த அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்.

மருத்துவமனைத் தொலைபேசி வேலைக்கு நீ விண்ணப்பித்தபோது உன்னிடம் ஐந்து கேள்வி கேட்டது மனிதர் இல்லை, செயற்கை நுண்ணறிவு. எங்கள் கம்பெனி செய்து பல இடங்களுக்குக் கொடுத்திருப்பது. அது குரல், படிப்பு, முன்பு பார்த்த வேலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, இவர் வேண்டும், இவர் வேண்டாம் என்று பிரித்துவிடும். ஏன் வேண்டாம் என்பதைச் சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த வரிகளை எழுதுவதுதான் என் வேலை. 'தம்பி கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்' என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாயே, அந்த 'ஏதோ' இதுதான்.

முதலில் நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். அதையாவது நம்பு. 'வேலையில் நீண்ட இடைவெளி இருப்பதால் மதிப்பெண் குறைந்தது' என்று எழுதினேன். போன் மேல் போன் வந்தது. ஒரு அம்மா, "பெத்த தாயைப் பாத்துக்கிட்டது ஒரு குத்தமாய்யா?" என்று கேட்டு அழுதிருக்கிறார். அப்புறம் அதை மாற்றி, 'பேச்சில் தயக்கம் தெரிகிறது. பயிற்சி செய்து ஆறு மாதம் கழித்து முயலுங்கள்' என்று அனுப்பிப் பார்த்தோம். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. குறை உன்னிடம்தான் என்று சொல்லிவிட்டால், பாவம், மனிதர்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். எங்கள் மேலாளர், "பாத்தியா, யாரும் திரும்பக் கேக்கல. எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் முதுகில் தட்டினார்கள். பேச்சுக்கு நூற்றுக்கு நூறு யாருக்குமே வராது, ஆகையால் இது பொய் ஆகாது என்று குறிப்பு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

முடிவு வந்த அன்று நீ போனில் எனக்கு அதை வாசித்துக் காட்டினாய். இரண்டு சொல் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "நீ இந்த மெஷின் வேலையிலதானேடா இருக்க, இது நெஜமா?" என்று கேட்டாய். "ஆமாக்கா, கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணு, சரியாயிடும்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். உன் முன்னால் குறைந்துபோய் நிற்க வெட்கம், அவ்வளவுதான். முன்பு நீ மருத்துவமனையில் போன் எடுத்த ஒன்பது வருடமும் நோயாளிகள், "அந்தம்மா இல்லையா, அவங்ககிட்டயே குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேசிய குரல் உன்னுடையது. அதை இப்போது நீயே பூட்டி வைத்திருக்கிறாய்.

திங்கட்கிழமை, செய்யக்கூடாது என்று தெரிந்தே, ஆபீசில் உன் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். பேச்சுக்கு உனக்குத் தொண்ணூற்றொன்று. விண்ணப்பித்த நூற்று நாற்பது பேரில் அதுதான் அதிகம். உன்னைக் கீழே இழுத்தது வேலையில் இல்லாத அந்த ஏழு வருடம்.

அப்பா படுக்கையில் கிடந்த ஏழு வருடம். நான் இரண்டு முறை வந்தேன், ஒவ்வொரு முறையும் நான்கு நாள். மனசு கேட்காமல் ஒரு சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினேன். அது குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை. இரண்டாம் முறை வந்தபோது அதன் மேல் துவைத்த துணி குவிந்திருந்தது. நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம், அக்கா.

இப்போது நான் சொல்வதைக் கேள். உனக்கு வந்த மின்னஞ்சலின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவுக்குச் சின்ன எழுத்தில் 'முழு விவரம் கேட்க' என்று இருக்கும். அதைச் சின்னதாக்கியதும் நாங்கள்தான். அதைத் தொட்டால் மறுபரிசீலனைப் படிவம் வரும். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் அனுப்பிவிட்டால், ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். உன் மகளை அனுப்பச் சொல்லு. நானும் நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் விண்ணப்பத்தைத் திறந்தது உட்பட. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். "அண்ணிகிட்ட மொதல்ல சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படிவத்தில் 'வேலையில் இடைவெளி ஏற்பட்டதன் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான்கு வரி எழுத இடம் உண்டு. உன்னை எனக்குத் தெரியாதா? 'குடும்பச் சூழ்நிலை' என்று பூசி மெழுகி என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பாய். வேண்டாம் அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்பா படுத்திருந்தார், பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தோம், தம்பி வரவில்லை என்று எழுது.

இப்படிக்கு,
உன் தம்பி