என் அண்ணனுக்கு வயது இருபத்தாறு

ஃபோஷான்
3 மார்ச் 1987

அன்பு மகள் வாய்-லானுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முட்டிகளைத் தவிர.

நீ கட்டிக்கொள்ள நினைக்கும் அந்த பஸ் கண்டக்டர் ஹோ-சிங்கை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமென்று அவன் குங்ஃபூ பழகும் கூடத்துக்குப் போனேன். மாக் ஆசான் கையைக் காட்டி நிறுத்தினார். "வெளியாளு இங்க சத்தம் போடக்கூடாது. சீடன்னா பேசலாம்." எனக்கு வந்த கோபத்தில் மண்டியிட்டு, முறைப்படி அவருக்குத் தேநீர் கொடுத்து, அங்கேயே சீடனாகிவிட்டேன். உன் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கூடத்தில் முதலில் சேர்ந்தவன்தான் மூத்தவன், வயதுக்கு மதிப்பில்லை. ஐம்பத்துமூன்று வயதில் நான் கடைக்குட்டி, இருபத்தாறு வயது ஹோ-சிங் எனக்கு அண்ணன். அழுகையாக வந்தது. பிறகுதான் பொறி தட்டியது. எனக்கு அண்ணன் என்றால் உனக்குப் பெரியப்பா. தலைமுறை மாறிக் கட்டுவதை ஆசான் ஒப்பமாட்டார். ஆகவே கல்யாணப் பேச்சு முடிந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

குவாங்சோ
11 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்க, வரப்போகும் மாப்பிள்ளைக்கே தம்பியான தகப்பனை இந்த மாகாணத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆசான் சொல்லை ஹோ-சிங் மீறமாட்டார். அது தெரிந்துதானே செய்தீர்கள்? எனக்கு உங்கள்மேல் நிஜமாகவே கோபம்.

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

வாய்-லான்

ஃபோஷான்
19 ஏப்ரல்

அன்பு மகளுக்கு,

தைலம் தீர்ந்துவிட்டது. குதிரைமேல் உட்கார்ந்தமாதிரி கால் மடக்கி நிற்க வேண்டும், குதிரை மட்டும் கிடையாது. என்னை நிற்க வைப்பது ஹோ-சிங். திட்டமாட்டான். நான் விழுந்தால் அவனும் பக்கத்தில் வந்து முதலிலிருந்து நிற்பான். அந்த வெட்கத்திலேயே நான் விழுவது குறைந்துவிட்டது.

நேற்று கேட்டேவிட்டேன். "அண்ணே, மூத்தவர் சொன்னா இளையவன் தட்டக்கூடாதாமே. பொண்ணைக் குடுடான்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"கைக்குள்ள மாட்டினவரை முறுக்கறது வித்தையா?" என்றான். "முதுகை நிமிர்த்துங்க தம்பி."

வாய்-லான், நல்ல பையன். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். சீடன் உறவை முறித்துக்கொள்கிறேன் என்று ஆசானிடம் போய் நின்றேன். "ஆசான்னா அப்பன் மாதிரி. அப்பன் வேணாம்னு மகன் சொல்லலாமா? இது சாகறவரைக்கும்" என்றுவிட்டார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே அவிழ்க்க முடியாமல் தவிக்கிறேன். உன் அம்மா இப்போது சிரிப்பதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

அப்பா

குவாங்சோ
4 மே

அன்புள்ள அண்ணனாகிவிட்ட அப்பாவுக்கு,

ஞாயிறன்று ஃபோஷான் வந்தேன். வீட்டுக்கு வராததற்கு அம்மா மன்னிக்கட்டும். நேரே கூடத்துக்குப் போய் ஆசான் முன் மண்டியிட்டேன். என்னையும் சேர்த்துக்கொண்டார். இனி நீங்கள், ஹோ-சிங், நான் மூவரும் ஒரே தலைமுறை. ஒரே ஆசானிடம் பழகியவர்கள் கட்டிக்கொள்வதில் தடையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லும்போது சிரித்தமாதிரி இருந்தது.

கல்யாணம் இலையுதிர் விழாவுக்குப் பிறகு. அன்று ஒருநாள் மட்டும் எனக்கு அப்பாவாக வாருங்கள். பழக்க தோஷத்தில் மாப்பிள்ளையைக் கும்பிட்டுவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
வாய்-லான்