அப்பாவின் கஞ்சா நாற்றுகள்

அப்பா,

உங்கள் ரொக்ஸ்பரோ வீட்டை விற்கப்போகிறேன். அதற்காக இன்று பேஸ்மென்டை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது பாதி மீந்த மண் பை ஒன்று அகப்பட்டது. வாய்க்கட்டை அவிழ்த்ததும் ஈர மண்ணும் பூஞ்சணமும் கலந்த அந்த மணம் எழுந்தது. வேலையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் பனி உருகத் தொடங்காத நாளொன்றில் நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். நீங்களாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"தம்பி, என்ரை கால் எரிவுக்கு டொக்டர் கஞ்சா எழுதித் தந்தவர். வீட்டில வளர்க்க அனுமதியும் வந்திட்டுது. உனக்கு உதுகள் தெரியும்தானே, ஒருக்கா வந்து பார்."

"கடையில எண்ணெயா வாங்கலாமே அப்பா?"

"அந்த வரிசையில என்னை ஆரும் கண்டால்? பேந்து எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?"

எனக்கு உதுகள் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியும் என்று நீங்கள் ஏன் நினைத்தீர்கள் என்பது தெரியும்.

அம்மா இறந்த மறு வருடம் அது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவாக்கும் வேலை முடிந்து வந்த நீங்கள், கதவடியில் தொங்கிய ஜக்கெற்றை எடுத்து முகர்ந்தீர்கள். கஞ்சா மணம். அது அப்போது சட்டத்துக்குப் புறம்பானது. "இந்த மணத்தோட என்ரை வீட்டில இருக்கேலாது. வெளிய போ" என்றீர்கள். அந்த ஜக்கெற் என்னுடையதல்ல. என்னுடையது நனைந்துவிட்டதென்று வகுப்புத் தோழன் ஒருவன் தந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையே மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனேன். பிறகு நாங்கள் கதைக்கத் தொடங்கினோம்; என் பட்டமளிப்புக்கும் வந்தீர்கள். ஆனால் நான் திரும்பி இந்த வீட்டில் குடியிருக்கவில்லை. அந்த நாளைப்பற்றி இருவரும் வாய் திறக்கவுமில்லை.

நான் வந்து பார்த்தபோது நாற்றுகள் நூலாக நீண்டு, தலை பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தன. விளக்கை நீங்கள் முகட்டோடு ஒட்டிக் கட்டியிருந்தீர்கள்.

"ஏன்டா இதுகள் நிமிருதில்லை?"

"பொறுங்கோ அப்பா" என்று மேலே கழிப்பறைக்குப் போய், போனில் தேடிப் படித்துவிட்டு இறங்கி வந்தேன். "வெளிச்சம் எட்ட நிக்குது. அதைத் தேடித்தான் நீளுது. விளக்கைப் பதிச்சு, கிட்டக் கட்டுவம்." வருடக்கணக்காக வளர்த்தவன் போலத்தான் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். என் சொல்லுக்கு நீங்கள் தலையாட்டியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தேன். ஒரு வாரம் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. இன்னொரு வாரம் மண்ணின் மேல் பொடி ஈக்கள் மொய்த்தன. பிறகு நாற்றொன்று தண்டின் அடி கறுத்து, மெலிந்து, மண்ணோடு மண்ணாக விழுந்தது.

"காலமையும் பின்னேரமும் தண்ணி ஊத்தினனான். என்ன குறை வச்சனான்?" என்றீர்கள், நான் உங்களைக் குற்றம் சாட்டியது போல.

"ஊத்தினதாலதான் அப்பா. வேர் மூச்செடுக்கேலாமல் அழுகிப்போச்சு. சட்டியைத் தூக்கிப் பாருங்கோ. பாரமா இருந்தால் விடாதேங்கோ."

சிறிய மின்விசிறி ஒன்று வாங்கி வைத்தோம். மேல் மண் காயவிட்டோம். மிஞ்சிய நாற்றுகளின் தண்டு மெல்ல மெல்லத் தடித்தது. பல்லுப்பல்லாக ஓரம் வெட்டிய இலைகள் வந்தபோது, எரியும் கால்களோடு படியிறங்கி வந்து ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிப் பார்த்தீர்கள்.

அப்போதுதான் அதைச் சொன்னீர்கள்.

"நீ அந்த வயசில உதைக் குடிச்சதுக்கு எவ்வளவு கோபப்பட்டனான். இப்ப அந்தப் பழக்கம்தான் எனக்கு உதவுது. எல்லாத்தையும் மன்னிச்சிட்டன் தம்பி."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். உங்களுக்கு அது எவ்வளவு கடினமான சொல் என்று எனக்குத் தெரியும். ஆனால் மன்னிப்பு என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது.

"நான் ஒருநாளும் குடிக்கேல்லை அப்பா. அந்த ஜக்கெற் என்ரை இல்லை."

கையில் இருந்த சட்டியை நீங்கள் கீழே வைக்கவில்லை.

"அப்ப ஏன் நீ அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

சட்டியை விளக்கடியில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிப்பம்" என்று மேலே போனீர்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் கோபம் இருந்தது. பதினேழு வயதுப் பொடியனின் கோபம்.

அடுத்த வாரம் நான் வேலையில் இருக்கும்போது கூப்பிட்டீர்கள். செடிகளைப்பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"அந்த வின்ரர் எங்க படுத்தனீ?"

"கூடப் படிச்ச பொடியன் வீட்டில, அப்பா."

"குளிரா இருந்ததோ?"

கூட்ட அறைக்குள் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். "பேந்து கதைப்பம் அப்பா" என்றேன். "ஓம், ஓம், நீ வேலையைப் பார்" என்றீர்கள். அந்த வாரம் முடிவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

அனுமதி உங்கள் பெயரில் இருந்தது. நீங்கள் இல்லாதபோது செடிகளை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வேர்கள் வெள்ளையாக, ஆரோக்கியமாக இருந்தன.

நீங்கள் எத்தனை நாள் அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்து கேட்டீர்களோ தெரியாது. பதில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அஹுன்ட்சிக் பகுதியில் அந்தத் தோழன் வீட்டு நிலவறையில், துணி காயவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்தேன். மெஷின் ஓடும்போது அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படிப்பேன். அவனுடைய தாய் நல்லவர். துணி இல்லாத நாளிலும் அதை ஓடவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ரொக்ஸ்பரோவுக்கு வந்தேன். நீங்கள் வாசல் பனியை வழித்துக்கொண்டிருந்தீர்கள். என் பக்கம் முதுகு. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

குளிராகத்தான் இருந்தது, அப்பா.