காணாமற்போன ஃபைல்

2002 செப். 9, திங்கள்
விடியலிலிருந்தே மழை. ரப்பர் மரமெல்லாம் நனைந்து கிடக்கிறது, பால்வெட்டு இல்லை. குடை பிடித்தும் சேலை ஓரமெல்லாம் சேறு.

ஆபீஸ் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ஒரு டிரைவர் ஃபைலைக் காணவில்லை, ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும். அழுத்தினேன். அப்படியே நின்றுவிட்டது. மூன்று தரமும் இதே கதை.

உள்ளேதான் அடையாள அட்டைப் பட்டியல். தோட்டத்தில் அட்டை இல்லாத எல்லாருடைய பெயரும். மூன்று கிழமை தட்டியது. பிரதி எடுக்கவில்லை, மடச்சி. வெள்ளிக்கிழமை கிராம சேவகர் வாங்க வருகிறார். தங்கை கமலாவின் பெயரும் அதில். அட்டை இல்லாவிட்டால் டிசம்பரில் பள்ளிக்கூடச் சோதனை எழுத விடமாட்டார்கள்.

பெரிய கிளாக்கர் மாணிக்கம் ஐயா எட்டிப் பார்த்தார். “வெள்ளிக்கிழம கடைசியா நீங்கதானே புள்ள தொட்டீங்க?”

ஏன் அந்தக் கேள்வி?

செப். 10, செவ்வாய்
தூறல். மாவனல்லை ரிப்பேர்காரர் வியாழன்தான் வருவாராம்.

காலையில் மாணிக்கம் ஐயா மனேஜர் துரையின் அறைக்குள். கதவு சாத்தி, கால் மணி நேரம். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் துரை வந்து கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். காரணம் சொல்லவில்லை.

என்னைப் பற்றித்தான். வேறென்ன?

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வந்த நாளிலிருந்தே மாணிக்கம் ஐயாவுக்குப் பிடிக்காது. “முப்பது வருசமா பேனாவால எழுதின ஆபீஸ் இது” என்பார். லயத்து வீட்டுத் தொழிலாளியின் பிள்ளை ஆபீஸ் நாற்காலியில் இருப்பதும் பிடிக்காதோ?

புளத்கொகுபிட்டியவில் வாங்க: மண்ணெண்ணெய், தேங்காய், கமலாவுக்கு எழுதும் கொப்பி 2.

செப். 11, புதன்
சரியாகத் தூக்கமில்லை. யோசித்ததில் ஞாபகம் வந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால் என் நாற்காலி இடம் மாறியிருக்கும். ஒரு தரம் கீபோர்டில் சுண்ணாம்பு. ஆபீசில் வெற்றிலை போடுகிறவர் ஒருவர்தான்.

வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். “கண்ணால பாத்தியா? பாக்காட்டி வாய மூடிக்கிட்டு இரு.”

அவர் இன்று “சாப்ட்டீங்களா புள்ள?” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செப். 12, வியாழன்
வெயில். ரிப்பேர்காரர் ரிஸ்வான் வந்தார். என்னவோ பட்டனை அழுத்தி வேறு வழியாகத் திறந்தார். பத்தே நிமிஷம்.

“ஃபைல் எங்கயும் போகல மிஸ். இந்தா, குப்பைத் தொட்டியிலதான் ஈக்கிது.”

கூடவே ஒரு ஃபோல்டர். டைப்பிங் பழகும் பாடம். இரண்டையும் சேர்த்து யாரோ அழித்திருக்கிறார்கள். வெள்ளி பகல் 12.40 என்று காட்டுகிறது. நான் வீட்டில் இருந்த நேரம்.

ஃபோல்டருக்குள் ஒரு பக்கம். ஆங்கிலத்தில் மாணிக்கம், மாணிக்கம், மாணிக்கம். பாதிக்குமேல் எழுத்துப் பிழை.

ஆக, களவாகப் பழகியிருக்கிறார். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கும் மனுஷன்.

ரிஸ்வான் ஃபைலைத் திருப்பி வைத்தார். கம்ப்யூட்டர் எழும்பிவிட்டது. பட்டியல் அப்படியே இருக்கிறது!

துரை வந்து கேட்டார், யார் அழித்தது என்று. வாசலில் மாணிக்கம் ஐயா.

“தானா அழிஞ்சிருக்கு சார்” என்றேன்.

ரிஸ்வான் தலையைத் தூக்காமல் வயரைச் சுற்றினார்.

செப். 13, வெள்ளி
பட்டியலை அச்செடுத்தேன். கிராம சேவகர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கமலாவின் பெயரை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

பிறகு துரை கூப்பிட்டார்.

“ஏயி பொரு கிவ்வே?” ஏன் பொய் சொன்னேன் என்று சிங்களத்தில் கேட்கிறார்.

மேசையில் ஒரு கடிதம். மாணிக்கம் ஐயாவின் எழுத்து. செவ்வாய்க்கிழமையே கொடுத்திருக்கிறார். பழகிப் பார்த்ததாகவும், தெரியாமல் எதையோ அழித்துவிட்டதாகவும், அந்தப் பிள்ளைமேல் பிழையில்லை என்றும். கீழே கையெழுத்து. சாவியை வாங்கியது ஐயா மறுபடி கம்ப்யூட்டரைத் தொடாமல் இருக்கத்தானாம்.

நான்கு நாளாக நான் அவரை என்னவெல்லாம் நினைத்தேன்.

துரை சத்தம் போடாமலே ஏசினார். சாவியைத் திருப்பித் தரவும் இல்லை. இனிமேல் அறையை அவரே திறப்பாராம்.

வெளியே மாணிக்கம் ஐயா காத்திருந்தார்.

“தொர ஏசினாரா புள்ள?”

“இல்லீங்கய்யா.”

அதுவும் பொய்.