அடியில் நெருப்பில்லாத தண்ணீர்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை.

என் பேத்தி நிருஷாவுக்கு அப்பம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

அன்றைக்கு நம் சாயப்பட்டறை முற்றத்தில் நின்றவர்கள்: நான், சாயம் போடுகிற ஜவாஹிறா, பக்கத்து வீட்டு பேர்ணடெற், மட்டக்குளியிலிருந்து நமக்கு விறகு கொண்டுவரும் சங்கிலி, கேற்றடியில் உன் அப்பா. ஐந்து பேர். உன் அப்பா உனக்கு அனுப்பிய காகிதத்தில் மூன்று பெண்கள் மட்டும் நின்றதாகவும், கண்ணாடிக் குழாய் தானாக வெடித்ததாகவும் இருக்கிறதாம். பூட்டியவள் நீ என்பதால் பொலிசுக்கு உன் கையெழுத்து வேண்டுமாம். வைக்க முன் இதைப் படி. நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருக்கும், ஞாபகத்தில் இராது.

தாய்லாந்துக் கைத்தறிப் பெண்களோடு சேர்ந்து விறகுப் புகையைக் குறைக்க நீ செய்த, வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் கண்ணாடிக் குழாய் ஏற்பாட்டையே சித்திரையில் வந்து நம் பின் மதிலிலும் பூட்டினாய். வெயிலிலேயே தண்ணீர் கொதித்தது. அந்தப் பெண்களைப் போல, சாயம் போட்ட தண்ணீரைக் கொட்டாமல் அடுத்த நூலுக்கும் வைத்துக்கொண்டோம். மாதம் மூன்று லொறி விறகு ஒன்றானது. காற்றில் கரி இவ்வளவு குறைந்தது என்று நீ எழுதியது எனக்கு விளங்கவில்லை. ஜவாஹிறாவின் இருமல் நின்றது விளங்கியது.

செவ்வாய் மத்தியானம் சங்கிலி அதை உடைக்க இரும்பு அலவாங்கோடு வந்தான். இந்தக் கண்ணாடி என் வயித்துல அடிச்சிருச்சு ஆச்சி, தள்ளி நில்லுங்க என்றான். சாயம் கிண்டுகிற தடியை எடுத்துக்கொண்டு, தொட்டுப் பாரடா என்றேன். ஜவாஹிறா மதிலடியில் நூல் விரித்துக்கொண்டிருந்தாள். ஓங்கினவன் அவளைக் கண்டு நிறுத்தினான். உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, அய்யா, புள்ள அடியில நிக்குது, தண்ணி சுடுமா என்று கேட்டான். அவன் விறகுக்காரன். நெருப்பு மூட்டாத தண்ணீர் சுட்டதை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. உன் அப்பா சொன்னான், கீழ நெருப்பு இருக்கோ, பச்சைத் தண்ணிதான், உடை என்று.

நான் வாய் திறக்க முன் அலவாங்கு இறங்கிவிட்டது.

கொதிதண்ணீர் ஜவாஹிறாவின் மேல். கழுத்து, தோள், வலது கை. சட்டையை இழுக்கத் தோலும் சேர்ந்து வந்தது. அவள் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சங்கிலியின் முகத்தில் தடியால் அடித்தேன். இரண்டு பல் விழுந்தது. அதற்கு நான் வருந்தவில்லை. அவன் கை தூக்கித் தடுக்கவுமில்லை. வாயில் இரத்தத்தோடு அவளைத் தூக்கி ஓட்டோவில் வைத்தவன் அவன்தான். அதுவரை அவள் மேல் குளிர்ந்த பைப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றாள் பேர்ணடெற். சாயம் காய்ச்சும் கிடாரம் ஒன்றை இரவல் தந்து நாலு பேர் முன் திருப்பிக் கேட்டவள் என்று பதினொரு வருடம் நான் அவளோடு கதைக்கவில்லை. அன்றைக்குக் கதைத்தேன். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கேற்றடியில் ஆள் இல்லை.

உன் அப்பா தெரியாமல் சொன்னான் என்று நினையாதே. அதற்கு முதல் கிழமை அதே தண்ணீரில் விரல் வைத்துக் கொப்புளம் போட்டு, என்னிடம் பற்பசை வாங்கிப் பூசினவன். சங்கிலியின் லொறியில் பாதி அவனுடையது என்று இப்போதுதான் அறிந்தேன்.

ஜவாஹிறா பொரளையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கை மூட வரவில்லை. நேற்றுப் பார்க்கப் போனேன். சிவப்பு நூலை எடுத்தீங்களா இல்லையா, ஊறிக் கறுத்திருக்குமே என்று என்னையே ஏசினாள்.

சங்கிலி நடந்ததைப் பொலிசில் சொல்லிவிட்டான். அவன் சொல்லை யாரும் எடுக்கவில்லை. உன் கையெழுத்தை எடுப்பார்கள். நீ வைத்தால் அவள் வெந்தது சாமானின் பிழையாகிவிடும். மதிலில் இருப்பதைக் கழற்றிவிடுவார்கள், திரும்ப விறகு லொறி வரும்.

வைக்காதே பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு. அந்தத் தறிக்காரப் பெண்களுக்கு என் அன்பைச் சொல்லு.

அப்பம்மா,
பத்மாவதி

சங்கிலிக்குப் பல் கட்டக் கூட்டிப்போகிறேன். பேர்ணடெற்றின் கிடாரத்தையும் மன்னித்துவிட்டேன். சாகுமட்டும் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். நான் பெற்ற தில்லைநாதன்.