மீன் வராத பாறை

வெள்ளிக்கிழமை, மழை விட்ட இரவு

"மீன் வராட்டி ஆமை என்னா செய்யும், டீச்சர்?" ஐந்தாம் வகுப்பில் மல்லிகா ஒருமுறை கேட்டாள். கடலாமை பவளப்பாறையருகே வந்து கழுத்தை நீட்டி நிற்கும், சிறு மீன்கள் அதன் மேலுள்ள பாசியையும் பூச்சியையும் கொத்தித் தின்னும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் உங்கள் அம்மாக்கள் ஒருவர் கழுத்தில் ஒட்டிய அட்டையை ஒருவர் பிடுங்குவதில்லையா, அதுபோல என்றேன். அவள் கேள்விக்கு மட்டும், "வேற பாறைக்குப் போகும்" என்று தெரியாமலே சொல்லிவைத்தேன்.

இன்று மல்லிகா வந்திருந்தாள். இப்போது ஒரு தீவில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிறாள். கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். பவளப்பாறை வெளுத்துக் கிடந்தது. ஒரு மீன்கூட இல்லை. ஆமை மட்டும் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றது.

"வேற பாறைக்குப் போகலையே, டீச்சர். தினமும் இங்கதான் வந்து நிக்குது லா."

தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். ஒரே பனிமூட்டம். கொட்டகையில் கொழுந்து பறிக்கும் தங்கம்மா அக்கா தனியாக, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தைத் தாழ்த்தி நின்றார். தினமும் அவருக்கு அட்டை பார்த்துவந்த புஷ்பம் இறந்து ஒரு மாதமாகிறது. பிடரியில் ஒன்று கறுப்பாகத் தொங்கியது. பிடுங்கி எறிந்தேன்.

அவர் திரும்பவில்லை. "இன்னிக்குத்தான் உன் கை சூடா இருக்கு, புஷ்பம். நேத்தெல்லாம் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

நேற்று யார் பார்த்தார்கள் என்று கேட்காமல், அவர் காதோரமும் அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.

எனக்கு நானே எழுதிக்கொள்வது: நாளையும் அந்த நேரத்துக்குக் கொட்டகைக்குப் போ. புஷ்பம் என்று கூப்பிட்டால் பேரைத் திருத்தாதே.