பைப்பைப் பூட்டிப்போட்டன்

மச்சான்,

இன்று காலை தோட்டத்துப் பால் ஸ்டோரில் அமோனியா ஜாடியின் மூடியைத் திருகினேன். ரப்பர் பால் உறையாமல் இருக்க இப்போது அதைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள். நெடி ஏறியதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பழக்கம் இல்லையாலா?" என்று கங்காணி கேட்டார். எனக்கா பழக்கமில்லை?

அந்த நெடிக்குள் நாம் இருவரும் மூன்று வருடம் பிழைத்தோம். ஈப்போ சோடா கம்பெனியில், கோப்பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நான் இன்ஜின் பக்கம். யாழ்ப்பாணத்து நீ தண்ணீர்ப் பக்கம். உன் சொந்தக்காரர்கள் எல்லாம் ஆபீசில் பேனா பிடிக்க, நீ மட்டும் ஸ்பேனர் பிடித்தாய். கேட்டால், "பேனை ஒழுகும் மச்சான், ஸ்பேனர் ஒழுகாது" என்பாய்.

தண்ணீர் நன்றாகக் குளிர்ந்தால்தான் சோடாவில் காஸ் தங்கும். அதற்கென்று இருந்தது அந்தத் தகட்டுப் பெட்டி. உள்ளே, நடுவில் கூடாக இருக்கும் இரும்புத் தகடுகள், தோசைக்கல்லை அடுக்கி வைத்த மாதிரி. தகட்டுக்குள் அமோனியா ஆவியாகும். இரண்டு தகட்டுக்கு நடுவே விரல் நுழையாத சந்தில் தண்ணீர் ஓடி, தன் சூட்டைக் கொடுத்துவிட்டுச் சில்லென்று வெளியே வரும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சந்திலேயே உறைந்து, உப்பி, தகட்டைப் பிளந்துவிடும். அதனால் அமோனியா வால்வைத் திறக்கும் முன் நான் அந்தத் தண்ணீர் வந்து விழும் வெளித்தொட்டியில் கையை விட்டு ஓட்டம் பார்க்க வேண்டும். தண்ணீர் வரும் வாய் தொட்டியின் அடியில் இருந்தது. தினமும் என் வலது சட்டைக் கை முழங்கைக்கு மேல் நனைந்து மத்தியானம் வரை காயாது. "பாதிக் குளிப்பு முடிஞ்சுதோ?" என்று நீ கேலி செய்வாய்.

அந்த வருடம் வந்த பெரிய வெள்ளம் வடிந்தும் தண்ணீரில் சேறு போகவில்லை. பொங்கலுக்கு மறுநாள் காலையில், மேல் தொட்டியிலிருந்து வரும் பைப்பை நீ கழற்றி அலசினாய். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து கூப்பிட்டாய்.

"மச்சான், பைப்பைப் பூட்டிப்போட்டன்."

"சரி மச்சான், அமோனியாவத் தொறக்குறேன்லா" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அது உனக்குக் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் வண்டியைப் பூட்டுவோம், கழற்றிய மெஷினைப் பூட்டுவோம். கழற்றிய பைப்பை நீ திரும்ப மாட்டிவிட்டாய் என்றுதான் எனக்கு விளங்கியது. நீயோ பைப்பை மாட்டிய பிறகும் சேறு வருவதைப் பார்த்து, தண்ணீரை அடைத்துவிட்டதைச் சொன்னாய். உங்கள் ஊரில் அடைப்பதும் பூட்டுவதுதானே. மூன்று வருடம் ஒரே அறையில் சோறு தின்றும் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

ஆனாலும் தொட்டியில் கையை விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்று விடவில்லை. பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை, நனையவேண்டாம் என்று பார்த்தேன். வேறு காரணம் இல்லை, மச்சான்.

வால்வைத் திறந்தேன், சந்தில் தேங்கியிருந்த தண்ணீர் உறைந்தது. பெட்டி முறுகும் சத்தம் கேட்டது, அப்புறம் தையல் பிரிந்தது போல அமோனியா சீறியது. நான் வெளியே ஓடினேன். நீ ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், நான் மூட வேண்டிய வால்வை மூடினாய். வாசலில் விழுந்த உன்னை நான் தூக்கினேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஒரு வாரம் கழித்து துரை விசாரித்தார். "கையை விட்டுப் பார்த்தேன் துரை, தண்ணி ஓடுச்சு. அப்புறந்தான் இவன் அடைச்சிருக்கான்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். கண் இரண்டும் இன்னும் சிவந்திருந்தன.

"ஓம் துரை, நான்தான் பூட்டினனான்" என்றாய்.

நீ சொன்னதில் பொய் இல்லை. வேலை உனக்குப் போயிற்று, எனக்கு இருந்தது.

அடுத்த வருடம் நெஞ்சு முழுக்க இரைப்போடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இனி அடைச்சன் எண்டே சொல்லுறன், உங்கட தமிழிலை" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி அடங்கியது. அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"அண்டைக்கு என்னைத் தூக்கேக்க, உன்ர சட்டைக் கை காஞ்சு கிடந்தது, மச்சான்."

அவ்வளவுதான் சொன்னாய். ஆரஞ்சுச் சுளையில் பாதியை என்னிடம் நீட்டினாய். நான் தின்றேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுவாரம் வந்தபோது கட்டிலில் வேறு ஆள்.

அந்த மாதமே கம்பெனியை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். இந்த ஸ்டோரில் தகட்டுப் பெட்டி இல்லை, பார்க்க வேண்டிய ஓட்டமும் இல்லை. இருந்தாலும் ஜாடியைத் திறக்கும் முன் தண்ணீர்த் தொட்டியில் வலது கையை முழங்கைக்கு மேல் விட்டு எடுக்கிறேன். கங்காணிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டால் என்ன என்று இன்றும் கேட்டார்.

ஆமாம், மச்சான். காய்ந்துதான் இருந்தது.